தென்காசியில் பிறந்ததால்

காலை ஐந்து நாற்பது. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது சமையலறை வாசலில் என் மனைவியின் முதுகு. நர்ஸ் யூனிஃபார்ம் போட்டு, தலைவாரிக் கொண்டை முடிந்து, ஒரு கையில் தோசைக்கரண்டியும் மறு கையில் செல்போனுமாக நின்றாள். தோசை கருகும் வாசனை வந்தது. அவள் தோசையைப் பார்க்கவில்லை.

"நகர்ந்திருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை. போன மாசம் எங்க நின்னுதோ அங்கதான் நிக்குது."

கருகிய தோசையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அடுத்ததை ஊற்றினாள்.

துபாயில், அல் குசைஸில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. அந்த நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே, சைட்டுக்குப் போகிற வெள்ளைப் பேருந்துகள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருக்கும். டிரைவர் 'யல்லா, யல்லா' என்று கதவைத் தட்டுவார். மனைவியின் ஆஸ்பத்திரி வேன் ஆறு பத்துக்கு வரும். அதற்குள் சாப்பிட்டு, எனக்கும் மகளுக்கும் மூடி வைத்துவிட்டு, இறங்கிவிடுவாள்.

அவள் போனில் பார்த்தது ஓர் அட்டவணை. அமெரிக்க அரசு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவது. வேலை மூலமாக அங்கே நிரந்தரமாகக் குடியேற மனு போட்டவர்களில், எந்தத் தேதிக்கு முன்னால் போட்டவர்களுக்கு அடுத்த மாதம் விசா தருவார்கள் என்று அதில் இருக்கும். என் மனைவியை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லி அங்கே ஓர் ஆஸ்பத்திரி மனு போட்டபோது எங்கள் ஒரே மகள் மூன்றாம் வகுப்பு. நான் சொல்கிற காலையில் அவள் ஷார்ஜாவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு.

மகளின் வயதுதான் பிரச்சினை. இருபத்தொன்று ஆகிவிட்டால் அந்த நாட்டுச் சட்டத்துக்கு அவள் குழந்தை இல்லை. அம்மாவின் மனுவிலிருந்து கழன்றுவிடுவாள். மனுவைப் பரிசீலிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட ஏழு மாதத்தை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது ஒன்றுதான் சலுகை. அதற்குள் எங்கள் தேதி வந்தால் மூன்று பேர். வராவிட்டால் இரண்டு பேர்.

ஒரு நாளிதழில் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பது என் வேலை. அந்த அட்டவணையை அடிக்குறிப்பு உட்பட எத்தனையோ முறை படித்திருக்கிறேன். இந்தியாவுக்கென்று தனிப் பத்தி உண்டு. பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவாக ஒரு பத்தி. அதில் தேதி பல வருடம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் மூவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். எனவே இந்தியப் பத்தி. அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை, மனைவியோடு வேலை பார்த்த ஒரு பெண்ணை வழியனுப்பப் போனோம். தூத்துக்குடிக்காரி, இரண்டு தெரு தள்ளி வீடு. அவளும் அமெரிக்காவுக்குத்தான் போகிறாள், கணவனோடு. மனைவிக்கு நான்கு வருடம் கழித்து மனு போட்டவள். வீடு காலியாகி, ஹாலில் பெட்டிகள் மட்டும் கிடந்தன. அவளுடைய கணவர் கொக்கித் தராசில் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி சுற்றி வளைக்காமல் கேட்டாள். "எப்படிடி? எனக்குப் பிறகுதானே நீ போட்டே?"

"அக்கா, உங்ககிட்ட சொல்லலியா நான்? இவுக குவைத்ல பொறந்தவுக. ஃபர்வானியால. அமெரிக்காக்காரன் பாஸ்போர்ட் எந்த நாடுன்னு பாக்க மாட்டாவ. பொறந்தது எங்கன்னுதான் பாப்பாவ. பொண்டாட்டி புருஷன்ல யார் பொறந்த நாட்டுக்கு வரிசை குட்டையோ, ரெண்டு பேரும் அதுல போய் நின்னுக்கிடலாம்."

கணவர் பெட்டியைக் கீழே வைத்தார். "என்னமோ பொறந்தோம்னு பொறந்தேன்கா. இவ்வளவு பிரயோஜனம் இருக்கும்னு அப்ப யாரும் சொல்லலை."

எல்லோரும் சிரித்தோம். மனைவியும் சிரித்தாள். வீடு திரும்பும்போது மசூதி முனைவரை வேகமாக நடந்தாள். பிறகு நின்றாள்.

"ஏங்க, நீங்க எங்க பொறந்தீங்க?"

"தெரியாத மாதிரி கேக்கற. தென்காசியில."

"அப்ப மாமா எங்க வேலை பார்த்தாங்க?"

"இங்க. தேராவுல, கப்பல் ஆபீஸ்ல."

"அத்தை?"

"இங்கதான். அப்பாவோட."

அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சென்னைக்குப் போன் போட்டாள். அம்மா அங்கே என் தம்பி வீட்டில் இருக்கிறாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"அத்தை, இவங்களைப் பெறதுக்கு நீங்க ஏன் ஊருக்குப் போனீங்க?"

"இதென்னட்டி கேள்வி? தலைப்பிரசவம்லா? வளைகாப்பு போட்டு எங்க அம்மை கூட்டிட்டுப் போகாண்டாமா? ஊரு என்ன சொல்லும்?"

"துபாய்ல ஆஸ்பத்திரி இல்லியா அப்ப?"

"இருந்துச்சே. ஒம் மாமா தலைபாடா அடிச்சாவ. வெள்ளைக்கார டாக்டர் இருக்கா, இங்கயே பாத்துக்கிடலாம்னு. நான் மாட்டவே மாட்டேன்னுட்டேன். ஏழு மாச வயித்தோட பம்பாய் வரைக்கும் பிளேன்ல வாந்தி. அதுக்குப் பொறவு ரயில்ல வாந்தி. ஒம் புருஷன் அன்னைக்கே படுத்தினான்."

"அப்ப ரெண்டாவது பிள்ளையை மட்டும் ஏன் துபாய்லயே பெத்தீங்க?"

"ரெண்டாவதுக்கு யாரு கூப்பிடுவா?"

மனைவி போனை மேஜையில் வைத்தாள். என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உங்க தம்பியைக் கட்டியிருக்கணும்."

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. மேஜையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவன் ஒன்னைவிட இளையவன்லாட்டி!"

மகள் தன் அறையிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது. அவளும் துபாயில் பிறந்தவள்தான். அப்போது மனைவிக்குப் பிரசவ விடுப்பு நாற்பத்தைந்து நாள். அதில் ஊருக்குப் போய் வருவது நடக்காது என்பதால் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே பெற்றாள். அதுவாவது உதவுமா என்று மறுநாள் எங்கள் மனுவைக் கவனிக்கும் அமெரிக்க வக்கீலுக்கு எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. பிறந்த நாட்டின் சலுகை கணவனுக்கும் மனைவிக்கும் இடையே செல்லும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும் செல்லும். பிள்ளையிடமிருந்து பெற்றோருக்குச் செல்லாது.

பதிலை மனைவியிடம் படித்துக் காட்டினேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி. குட்டை வரிசை நமக்கு இல்லை. நீள வரிசையில நிக்கணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப என் இங்கிலீஷ் டெஸ்ட் முடியப்போகுது பாருங்க. தேதி எடுங்க."

வரிசையில் நிற்பது என்றால் சும்மா நிற்பதில்லை. ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணுக்கு ஆயுள் உண்டு. அமெரிக்க நர்ஸ் லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை தருவதாகச் சொன்ன ஆஸ்பத்திரி நடுவில் கை மாறியது. புதிய நிர்வாகத்திடம் வேலை இன்னும் இருக்கிறதா என்று வருடா வருடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இத்தனையும் இங்கே மேட்ரனுக்குத் தெரியாமல். போகப்போகிறவள் என்று தெரிந்தால் அடுத்த காண்டிராக்ட் சந்தேகம்.

அந்த வருடம் அவள் ஆங்கிலத் தேர்வை மூன்றாவது முறையாக எழுதினாள். வேனில் போகும்போது காதில் ஒலிப்பதிவு. டூட்டி முடிந்து வந்து, மகள் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொள்ள, பேச்சுத் தேர்வுக்கான பயிற்சி.

"டிஸ்க்ரைப் எ ஜர்னி யூ என்ஜாய்ட்" என்பாள் மகள்.

"நான் எங்கடி ஜர்னி போனேன்? ஆஸ்பத்திரி வேன்தான்."

"அம்மா, இமாஜின் பண்ணுங்க. யூ ஹாவ் டூ மினிட்ஸ்."

அவள் ஆஸ்பத்திரி வேனைப் பற்றியே இரண்டு நிமிடம் பேசினாள். ஏழு பேர் ஏறும் இடங்கள், டிரைவரின் பெஷாவரி பாட்டு, பாலத்தின் மேல் ஏறும்போது எல்லோரும் தூங்கி வழிவது. தேர்வில் உண்மையிலேயே பயணம் பற்றிக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது. தேவையான மதிப்பெண் வந்தது.

மகளுக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் நேராகவே சொன்னாள். "அம்மா, எனக்கு இங்கேயே ஓகே. மை ஃப்ரெண்ட்ஸ் ஆர் ஹியர். நீங்க எனக்காக இவ்வளவு ஸ்ட்ரெஸ் எடுக்க வேண்டாம்."

மனைவி சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை. "இங்க உனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு. அப்பாவுக்கு வேலை இருக்கு. அந்த வேலை இருக்கிற வரைக்கும் அப்பாவுக்கு விசா. அப்பாவுக்கு இருக்கிற வரைக்கும் உனக்கு. நாளைக்கு ஆபீஸ்ல கலாஸ், முடிஞ்சதுன்னு சொன்னா, நீ பொறந்த ஊர்ல இருந்து பெட்டியைக் கட்டணும். நீ இருக்கிறது ஓகே இல்லை. விட்டு வச்சிருக்காங்க."

மகள் என்னைப் பார்த்தாள். என் அலுவலகத்தில் அந்த ஆண்டு இரண்டு மேஜைகளைக் காலி செய்திருந்தார்கள். அதை நான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

மகளுக்கு இருபத்தொன்று முடிந்தது. கேக் வெட்டினோம். அதன் பிறகு அந்த ஏழு மாதம்தான் பாக்கி. அட்டவணை ஒரு மாதம் இரண்டு வாரம் நகர்ந்தது. அடுத்த மாதம் அசையவில்லை. பிறகு ஒரே தாவலில் மூன்று மாதம். அம்மா சென்னையிலிருந்து தினமும் கேட்டாள். தன்னால்தான் என்று அவளுக்கு மனதில் தங்கிவிட்டது. "நான் ஒரு ரெண்டு மாசம் பொறுத்திருந்தா..." என்று ஆரம்பிப்பாள். மனைவி அதை முடிக்க விடமாட்டாள். "அத்தை, நீங்க அங்கேயே பெத்திருந்தா இவங்க வேற ஆளா வளர்ந்திருப்பாங்க. என்னைக் கட்டியிருக்கவே மாட்டாங்க. விடுங்க."

கடைசி மாத அட்டவணையைக் காலையில் நான்தான் முதலில் திறந்தேன். எங்கள் தேதிக்கு ஒன்பது நாள் முன்னால் நின்றிருந்தது. மனைவி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். போய் அடுப்பை அணைத்தாள். வேன் வந்தது. இறங்கிப் போனாள்.

அடுத்த மாதம் எங்கள் தேதியைத் தாண்டிப் போயிருந்தது. மகள் அதற்குள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டாள்.

அன்று மாலை மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். நான் மனுவை விட்டுவிடலாமா என்று கேட்டேன். மனைவி ஒரு தாளை எடுத்தாள். வக்கீலிடம் அவளே ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தாள். அவளுக்கு நிரந்தர உரிமை கிடைத்ததும், திருமணமாகாத மகளுக்காகத் தனியாக மனு போடலாம். அதற்கும் வரிசை உண்டு. இப்போதைய நிலவரத்தில் எட்டு, ஒன்பது வருடம் ஆகலாம்.

"திருமணமாகாதன்னா?" என்று கேட்டாள் மகள்.

"அது வரைக்கும் கல்யாணம் பண்ணக் கூடாது. பண்ணினா மனு செல்லாது."

"சூப்பர். இனி பாட்டி மாப்பிள்ளை பார்த்தா, அமெரிக்கன் கவர்ன்மென்ட் அலவ் பண்ணலைன்னு சொல்லிடலாம்."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு வேலைகளைப் பிரித்துக் கொடுத்தாள். நான் இங்கேயே இருக்க வேண்டும். திருமணமாகாத மகள் எந்த வயதிலும் அப்பாவின் பொறுப்பில் இங்கே தங்கலாம். ஆகவே என் வேலை போகக் கூடாது. மகள் படிப்பை முடிக்க வேண்டும். மனைவி தனியாக முதலில் போவாள். நான் பின்னால் எப்போது வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம் என்பதையும் கேட்டு வைத்திருந்தாள்.

"நாற்பத்தேழு வயசுல தனியா போறியா?" என்றேன்.

"வந்தப்பவும் தனியாத்தான் வந்தேன். முதல்ல சவூதியில தம்மாம். அப்ப ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராது."

அபுதாபியில் அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். உள்ளே அவளிடம் ஐந்தாறு கேள்விதான் கேட்டார்களாம். மகளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேட்ரனிடம் ராஜினாமாவைக் கொடுத்தபோது, எவ்வளவு நாளாக மனதில் இது என்று அவர் கேட்டார். மகள் மூன்றாம் வகுப்பில் இருந்ததிலிருந்து என்று மனைவி சொன்னாள்.

மார்ச் மாதம் போனாள். அங்கே இறங்கி, கிரீன் கார்டு கைக்கு வந்த அதே வாரத்தில், மகளுக்கான மனுவைப் போட்டாள்.