பதிலுக்குக் காத்திருந்த திரை

இன்று ஏடிஎம் திரை "இன்னும் நேரம் வேண்டுமா?" என்று கேட்டதும், விவேக் நகரில் பேக்கரிக்கு மேலே இருந்த கம்ப்யூட்டர் சென்டர் நினைவுக்கு வந்தது. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. பன் வேகும் வாசனையும் ஃபேன் சத்தமும் நிறைந்த அந்த அறைக்கு, கார்மெண்ட்ஸ் வேலை முடித்த அம்மா, ஆபீஸ் வேலைக்கு மாறிவிடும் ஆசையில், வீங்கிய காலோடு என்னையும் கூட்டிக்கொண்டு மாடியேறுவாள். அடித்த கடிதத்தை முடித்ததும், அங்கே சொல்லிக்கொடுத்த மிஸ் எழுதிய பேட்ச் ஃபைல் என்ற சின்ன புரோகிராம், 'வைத்துக்கொள்ளவா? Y/N' என்று ஆங்கிலத்தில் கேட்கும். N-ஐ அழுத்தினாலோ, பத்து நொடியில் பதில் இல்லையென்றாலோ கடிதத்தை அழித்துவிடும். அம்மா Y-ஐத் தேடுவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

"நான் கொஞ்சம் ஸ்லோ, மிஸ்" என்றாள் அம்மா.

மிஸ் அந்தப் பத்து நொடிக் கெடுவை எடுத்துவிட்டார். "நிதானமா அழுத்துங்க. அது வெயிட் பண்ணும்."

அன்று முதல்முறையாகப் பிழையில்லாமல் முழுக் கடிதம் அடித்த அம்மா, திரையில் கேள்வி காத்திருக்க, பதில் அழுத்துமுன் களைத்துத் தூங்கிப்போனாள். எனக்குப் பசி. சீக்கிரம் முடித்து வீட்டுக்குப் போகவேண்டுமென்று N-ஐ அழுத்தினேன்; கடிதம் அழிந்தது.

விழித்தவள் வெறும் திரையைப் பார்த்தாள். "நான்தான் ஏதோ கெடுத்துட்டேன். நமக்கு இதெல்லாம் வராது, பாப்பா."

அதன்பின் அவள் அங்கே போகவில்லை. கண் மங்கும்வரை தையல் மிஷினிலேயே இருந்தாள். அழுத்தியது நான் என்று இன்னும் சொல்லவில்லை.