சைக்கிள் திருச்சியில், சக்கரம் என் கையில்

காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறினேன். திருச்சியில் நண்பர்கள் காத்திருக்கிறார்கள். அங்கிருந்து காவிரிக் கரையோரமாக மூன்று நாள் சைக்கிள் பயணம்.

என் சைக்கிளைப் பார்சலாகப் பதிவு செய்து கடைசிப் பெட்டியில் ஏற்றியாயிற்று. இறக்கும் இடத்தில் யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று, முன் சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி.

அப்படியும் மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. செங்கல்பட்டில் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். இருந்தது. மேல்மருவத்தூரில் மறுபடியும் ஓடினேன். அப்போதும் இருந்தது.

எதிர் சீட் அக்காவுக்கே பொறுக்கவில்லை. "கொஞ்சம் உக்காருங்க தம்பி. ஓடுற ரயில்லேர்ந்து சைக்கிள் எங்க போயிடப் போகுது?"

கேட்டேனா? விழுப்புரத்திலும் இறங்கினேன். சக்கரத்தை சீட்டில் விட்டுப்போகப் பயம், அதையும் தூக்கிக்கொண்டேன். கடைசிப் பெட்டியை எட்டும்போது ரயில் நகர்ந்துவிட்டது. ஒரு கையில் சக்கரத்தை வைத்துக்கொண்டு எங்கே ஓடி ஏறுவது?

இப்போது அடுத்த ரயிலில் நின்றுகொண்டே போகிறேன். சற்று முன் நண்பன் கார்த்தி போன் செய்தான்.

"மச்சான், சைக்கிள் பத்திரமா வந்துடுச்சு. உன் பெட்டியில தேடினேன், ஒரு அக்கா உன் பைய குடுத்தாங்க. உக்காரச் சொன்னா கேக்கலன்னு ஒரே கம்ப்ளெயின்ட். நீ எங்கடா?"

"சார், இதோட மிச்சம் எங்க?" என்று பெட்டியில் இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நாலாவது ஆளாக நீங்கள் கமெண்டில் வராதீர்கள்.