வணக்கத்தாரின் மதிய அறிவிப்பு

மூன்று முறை தொண்டையைச் செருமி, ஒரு மிடறு வெந்நீர் குடித்து, சட்டையின் மேல் பொத்தானையும் போட்டுக்கொள்கிறார். யாரும் பார்க்கப்போவதில்லை, இது வானொலி. ஆனாலும் பொத்தான் போடாமல் அவருக்கு வணக்கம் வராது. நேயர்களுக்கு, நேயர்களின் பெற்றோருக்கு, இன்னும் படுக்கையை விட்டு எழாத நேயர்களுக்கு என்று தனித்தனியே சொல்லி முடிக்க நான்கு நிமிடம் ஆகும். அதனால் மலையில் எல்லாருக்கும் அவர் வணக்கத்தார்தான்.

நிலையம் என்பது கிடங்கை ஒட்டிய ஓர் அறை. வெளிச்சத்தம் புகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருக்கிறார்கள். கைப்பேசிக் கோபுரம் எட்டிப் பார்க்காத பதினான்கு குடியிருப்புகளுக்கு நல்லது கெட்டது எல்லாம் இங்கிருந்துதான் போக வேண்டும். ஜனங்கள் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதை அப்படியே வாசிக்க அவர் என்ன சாதாரண ஆளா?

"மேட்டுக் காட்டுல கிடக்கிற எம் புருஷனுக்கு: சோறு ஆறுது. வர்றதுன்னா வா, இல்லேன்னா அங்கயே கிட" என்று ஓர் அம்மாள் எழுதிக் கொடுத்தாள். "மேட்டுக் காட்டில் உழைத்துக்கொண்டிருக்கும் அன்புக் கணவருக்கு, இல்லத்தரசியார் உணவுடன் காத்திருக்கிறார்" என்று அது காற்றில் ஏறியது. இது வேறு யாருக்கோ என்று நினைத்து அந்தக் கணவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். "தேநீர் கிடைக்குமா?" என்று கேட்டுத்தான் டீ வாங்குவார். "கட்டிக்கிட்ட நாள்லேருந்து எனக்கு நியூஸ்தான் வாசிக்கிறாரு" என்பாள் மனைவி.

போன மாதம் ஒரு மதியம், மலை உச்சியில் மழை அளக்கும் ஊழியர் வாக்கி டாக்கியில் கத்தினார்: "அண்ணே, இங்க கொட்டித் தீர்க்குது! வெள்ளம் கீழ இறங்கிருச்சு. யாரும் ஆத்தைத் தாண்ட வேணாம்னு சொல்லுங்க!"

வணக்கத்தார் நிதானமாகச் செருமினார். "பெருமதிப்பிற்குரிய நேயர்களே, மேற்பகுதியில் பெய்துவரும் கனமழை காரணமாக நீர்வரத்து கணிசமாக அதிகரிக்கக்கூடும் என்று..."

அங்கே நின்றுபோனார். அக்கரையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த மனைவி, அன்று மதியம் ஆற்றைக் கடந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். இந்த வாக்கியம் முடிவதற்குள் அவள் நடு ஆற்றுக்கு வந்துவிடுவாள். ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார்:

"அடியே! ஆத்துல இறங்காதடி! தண்ணி வருது! எவனாவது பக்கத்துல இருந்தா அவளைப் பிடிச்சு இழுங்கடா!"

பதினான்கு குடியிருப்புகளும் அவர் சொன்னதை முதன்முறையாக ஒரே தடவையில் புரிந்துகொண்டன. அவளுக்கு எட்டியதா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. இந்த வானொலி இங்கிருந்து அங்கே பேசும். அங்கிருந்து இங்கே பேசாது. அன்று மாலை நிகழ்ச்சியில் வணக்கமே இல்லை.

மறுநாள் வெள்ளம் வடிந்த பிறகு, வானிலை வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அவள்தான். முழங்கால் தண்ணீரில் நின்றவளை, கழுத்தில் ரேடியோ மாட்டியிருந்த ஆட்டுக்காரர் ஓடிவந்து இழுத்துப் போட்டாராம். ஒரு செருப்பு மட்டும் ஆற்றோடு போய்விட்டது.

"ஏங்க, ஊரே கேட்க அடியேவா?" என்றாள். அதையும் ஊரே கேட்டது.

"காற்றின் ஈரப்பதம் எண்பத்தேழு விழுக்காடு" என்று வாசித்துக்கொண்டே, வணக்கத்தார் தன் இரண்டு செருப்புகளையும் கழற்றி, மேசைக்கு அடியில் அவள் பக்கமாகக் காலால் தள்ளினார்.