அப்பாவின் வண்டியும் சீஸும்

காலையில் திருவேற்காட்டிலிருந்து கணவர் போன் செய்தார். "வண்டி சீஸாயிடுச்சும்மா" என்றார். அதோடு போன் அணைந்துவிட்டது. ராத்திரி சார்ஜ் போட்டால்தானே.

திரும்பிப் பார்த்தால் அவருடைய ஹெல்மெட் ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருக்கிறது. போலீஸ்தான் வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

"அப்பாவுக்கு சீஸ் பிரச்சனை, போயிட்டு வரேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டோடு ஷேர் ஆட்டோ ஏறினேன். பூந்தமல்லியிலிருந்து வழி நெடுக, எப்படித் திட்டுவது என்று மனதுக்குள் ஒத்திகை.

இறங்கினால், மெக்கானிக் கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார் மனிதர்.

"இன்ஜின் சீஸாயிடுச்சுக்கா" என்றார் மெக்கானிக். "ஆயில் மாத்தாமயே ஓட்டிகினு இருந்தா அது இன்னா பண்ணும்?"

போலீஸ் எடுத்துக்கொண்டாலும் சீஸ், இன்ஜின் இறுகிப்போனாலும் சீஸ். எனக்கு எப்படித் தெரியும்?

நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"ஹெல்மெட்ட எதுக்குத் தூக்கிட்டு வந்த?" என்றார்.

ஒத்திகை வீண் போகவில்லை.

வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். மகள் பிரெட் டோஸ்ட் செய்து தட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சீஸ் எங்கம்மா?"

கணவர் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினார். நடந்துதான். தலையில் ஹெல்மெட்.

அது கிண்டலா, பயமா? கல்யாணம் ஆனவர்கள் சொல்லுங்கள்.