கால்விரலுக்குப் போகும் சரக்கு

“போடா, போ. நடுவழியில நின்னு என்ன வேடிக்கை?” என்று திரையில் ஊரும் ஒளிப்புள்ளியை அதட்டுகிறார் அக்கா. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் அக்காதான். செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலிமேல் சம்மணமிட்டிருப்பார். புள்ளி நகர்ந்தால் கழுத்தும் கூடவே நகரும்.

அந்தப் புள்ளி, கிண்ணத்தில் வளரும் நரம்பு செல்லுக்குள் போகும் சரக்குப் பை. நம் இடுப்பருகிலிருந்து கால்விரல்வரை நீளும் ஒற்றை நரம்பிழைக்குள்ளும் இதே போக்குவரத்துதான். பையை நுனிக்கு இழுக்க ஒரு புரதம், திரும்ப இழுக்க இன்னொன்று. இரண்டும் ஒரே பையில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. இழுப்பது யார் என்பதை, அவற்றைப் பையோடு இணைக்கும் மூன்றாவது புரதம் தீர்மானிக்கிறது என்கிறார் அக்கா. அதன் ஓரிடத்தில் பாஸ்பேட் என்ற சிறு அணுக்கூட்டம் ஒட்டினால் பை நுனிக்குப் போகும், கழன்றால் திரும்பிவிடும். ஆணையிட ஆளில்லை, மேலிருந்து ஆட்டுவிப்பவர் எவருமில்லை. சில அணுக்கள் ஒட்டுகின்றன, திசை மாறுகிறது. பக்கத்தில் நின்ற நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

அக்காவின் தம்பிக்குப் பாதங்கள் மரத்துக்கொண்டே வருகின்றன. சரக்கு நுனிக்குப் போய்ச் சேராத நோய். “யார் விட்ட சாபமோ” என்பார் சித்தி. சாபத்துக்கு இடுப்பிலிருந்து கட்டைவிரலுக்கு வழி தெரியுமா? தம்பியோ போனில் சீண்டுவான்: “என் லாரி கிளம்பிச்சாக்கா?”

“கிளம்பிச்சு. டிரைவரும் உன்னை மாதிரிதான், படுத்துத் தூங்குறான்.”

ஆய்வகத் தலைவர் இந்த வேலையையே நிறுத்தச் சொன்னார். “தம்பிக்காகப் பாக்குறீங்கம்மா, அதான் அப்படித் தெரியுது.” ஆண்கள் பார்த்தால் ஆதாரம், அக்கா பார்த்தால் பாசம்!

“அப்போ எது எதுன்னு மறைச்சுக் குடுங்க சார்” என்றார் அக்கா. பாஸ்பேட் ஒட்ட முடியாதபடி மாற்றிய செல்கள் சில கிண்ணங்களில், மாற்றாதவை மற்றவற்றில். தலைவரே அவற்றின் வரிசையைக் கலைத்து, அடையாளச் சீட்டுகளை ஒட்டுநாடாவால் மூடினார்.

அக்கா பார்த்துப் பார்த்துச் சொன்னார்: “இது போகுது... இது திரும்புது... அடப்பாவி, நுனிகிட்ட வந்துட்டுத் திரும்புறானே!” நாடாவை உரித்தபோது, திரும்புவதாக அவர் சொன்னவை எல்லாம் மாற்றிய செல்கள். ஒன்றுகூடத் தவறவில்லை.

தலைவர் உரித்த நாடாவைச் சுருட்டினார். “ஏதோ குத்துமதிப்பா...”

அக்கா கிண்ணங்களை மறுபடி கலைத்து, சீட்டுகள்மேல் புது நாடா ஒட்டினார்.

“உங்களுக்குத்தான் தம்பி இல்லையே சார். இப்போ நீங்க சொல்லுங்க.”

எழுந்து நின்று, தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.