அத்தை வீட்டாரின் கொடைக்கானல்

சித்திரை பிறந்தால் போதும், மதராஸிலிருந்து அத்தை குடும்பத்தோடு எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிடுவாள். "செலவில்லாம ஊர் சுத்திப் பாக்கணும்னா திண்டுக்கல்தான்" என்று மாமா ஏப்பத்துக்கு நடுவே சொல்வார். செலவு எப்படி ஆகும்? படுக்க எங்கள் பாய், தின்ன எங்கள் சோறு, ஏறிப் பார்க்க ஓசியில் மலைக்கோட்டை. பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இங்கிருந்தே பஸ். வழிக்கு அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிடுவாள்.

"அடுத்த வருசம் ஒன்னையும் கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போறேன்டி" என்று அத்தை ஒவ்வொரு வருடமும் சொல்வாள். எனக்குப் பத்து வயதான கோடையில், "நாளைக்கு விடியக்காலம் பஸ்சு, நீயும் கெளம்பு" என்றே சொல்லிவிட்டாள். தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டே படுத்தேன். அங்கே குளிருமே என்று அப்பாவின் துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தேன்.

கண் விழித்தபோது முற்றத்தில் வெயில் ஏறியிருந்தது. அவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

பொழுது சாயத் திரும்பிய அத்தை, என் கையில் ஒரு ப்ளம்ஸ் பழத்தைத் திணித்தாள். "அசந்து தூங்குன. எழுப்ப மனசு வரலடி."

அத்தை புளுகியதுகூட எனக்குப் பெரிதில்லை. அன்று விடியலில் நான் பாதி விழித்திருந்தேன். "மதினி, புள்ளைய எழுப்பிராதீங்க. இவளயும் இழுத்துக்கிட்டு அலைய முடியாது" என்று அத்தை கிசுகிசுத்தது கேட்டது. நான் புரண்டேன். உடனே ஒரு கை என் முதுகைத் தட்டித் தட்டி மறுபடியும் தூங்க வைத்தது. புளி வாசம் அடித்த அந்தக் கை அம்மாவுடையது.