நாய்க்கு ஒன்ஸ் மோர் கிடையாது

1. எங்கேயும் போகாத நாய்

"இந்த நாய் எங்கயும் போகலையேம்மா" என்று சொல்லித்தான் கீர்த்தனாவின் ஓவியத்தை அவள் வாத்தியார் திருப்பிக் கொடுத்தார். ஓவியக் கல்லூரியில் அவளுக்கு அது கடைசி வருஷம். ஓடுகிற நாயை ஆளுயரத் தாளில் கரியால் வரைவதாக அவளே எடுத்துக்கொண்ட புராஜெக்ட். அதைப் பார்த்து வரைய போட்டோ எடுத்துக் கொடுத்தவன் நான். மேற்கு மாம்பலத்தில் என் ஸ்டுடியோ இருக்கும் கட்டடம் அவள் அப்பாவுடையது. அவள் கேட்டு நான் எப்படி மாட்டேன் என்பது?

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் கல்யாண போட்டோகிராபர். என் படத்தில் ஒரு முடிகூட ஆடாது. பட்டினப்பாக்கம் மணலில் பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டு, ஷட்டர் வேகத்தை ஆயிரத்துக்கு மேல் ஏற்றி, ஃபிளாஷும் அடித்து எடுத்த படம் அது. நாயின் மீசையை எண்ணிவிடலாம்.

"எவ்ளோ ஷார்ப் பாத்தியா?" என்றேன்.

"ஷார்ப்தான் அங்கிள். ஆனா ஓடல. யாரோ கயித்துல கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கு."

மறுபடி பார்த்தேன். பாழாய்ப்போனது, அவள் சொன்னது சரி. திங்கட்கிழமை புது ஓவியம் வைக்காவிட்டால் அவள் ஃபெயில். தி.நகரில் நகைக்கடை வைத்திருக்கும் அவள் அப்பாவுக்கு இந்தப் படிப்பே பிடிக்காது. ஃபெயில் ஆனால் கல்லாவில் வந்து உட்கார வேண்டியதுதான் என்று முன்பே சொல்லியிருந்தார்.

2. ஸ்டெடி

நாயின் பெயர் மணி. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பிலோமினா அக்காவின் நாய். மறுபடி நாங்கள் போனபோது, கேமராவைக் கண்டதுமே மணி சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. முதல் நாள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிஸ்கட் கொடுத்துக் கெடுத்தது நான்தான்.

"இன்னா நைனா, ஓடறத புடிக்கணும்னுட்டு ஒக்கார வச்சிக்கினு கீற?" என்றார் பிலோமினா அக்கா. "காலைல நான் மீன ஏத்திக்கினு லோடு ஆட்டோல கெளம்ப சொல்லோ வா. டீக்கடை முனை வரிக்கும் கூடவே ஓடியாருவான். அத்த தாண்டுனா வேற நாய்ங்க ஏரியா. நின்னுடுவான்."

"முனையில திரும்பி வந்து இன்னொரு தடவ ஓட வைக்கலாமாக்கா?"

"நான் யாவாரத்துக்குப் போறனா, இவங்கூட வெள்ளாடப் போறனா?"

ஆக, ஒரு நாளைக்கு ஒரே ஓட்டம். கல்யாண மண்டபத்தில் எனக்கு அந்தக் கவலையே கிடையாது. மாலை மாற்றுவது, மெட்டி போடுவது எல்லாவற்றையும் "ஒன்ஸ் மோர் சார்" என்று கேட்டு வாங்கிவிடுவேன். தாலி முடிச்சையே "அப்படியே ஒரு செகண்ட்" என்று நிறுத்தியிருக்கிறேன். புரோகிதர் முறைப்பார், நான் கண்டுகொள்ள மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை லோடு ஆட்டோவின் பின்னால், மீன் கூடைகளுக்கு நடுவில் அக்காவோடு உட்கார்ந்தேன். கீர்த்தனா முன்னால் டிரைவர் பக்கத்தில். வண்டி கிளம்பியதும் மணி காதை மடக்கிக்கொண்டு பக்கத்திலேயே பாய்ந்து வந்தது. கேமராவைத் தூக்கினேன். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஸ்டெடி, ஸ்டெடி, இங்க பாரு."

மணி நின்றது. பிஸ்கட்டுக்காக உட்கார்ந்தும்விட்டது. கீர்த்தனா முன்னாலிருந்து திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வாயை அடக்கினேன், விரலை அடக்கவில்லை. பழக்க தோஷத்தில் ஷட்டரை ஏற்றிவிட்டது. மறுபடியும் அந்தரத்தில் தொங்கும் நாய்.

3. டேப்

ஞாயிறு, சர்ச்சில் முதல் பூசை முடித்துவிட்டு பிலோமினா அக்கா கிளம்பினார். இதை விட்டால் வேறு நாள் இல்லை. கீர்த்தனா ஷட்டர் வேகத்தை முப்பதுக்கு இறக்கி, அந்தத் திருகின் மேல் டேப் ஒட்டிவிட்டாள். "இதுல கை வெச்சீங்க, அப்பாகிட்ட சொல்லி ஸ்டுடியோவக் காலி பண்ண வெச்சுடுவேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"நீ வாய மூடிக்கினு வா, அது போதும்" என்றார் அக்கா.

வண்டி குலுங்கியது. மணி ஓடி வந்தது. அது என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடியது. அது போகிற வேகத்துக்குக் கேமராவும் கூடவே போக, அழுத்தினேன். டீக்கடை வந்துவிட்டது.

ஸ்கிரீனில் பார்த்தேன். முகம் மட்டும் தெளிவு. கால்கள் நாலும் புகை, பின்னால் சுவர் வெறும் கோடு. இதை ஒரு கல்யாண வீட்டில் கொடுத்தால் மூஞ்சியில் விட்டெறிவார்கள். என் விரல் டெலீட் பட்டனுக்கே போய்விட்டது. கீர்த்தனா முன் சீட்டிலிருந்து எட்டிக் கையைப் பிடித்தாள்.

"அங்கிள், அதுதான்."

அக்காவும் எட்டிப் பார்த்தார். "எம் மணி. தெனோம் இப்டித்தான் வருவான்."

அன்று முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். திங்கட்கிழமை வாத்தியார் ஓவியத்துக்கு நேர் எதிரே வந்து நின்றவர், தன்னை அறியாமல் ஓரடி விலகி நாய்க்கு வழிவிட்டாராம். பாஸ். கல்லூரிக் கண்காட்சிக்கு வந்த அவள் அப்பா வெகுநேரம் நின்று பார்த்தார். கல்லா பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை.

4. ஆழ்வார்பேட்டைக் கல்யாணம்

அடுத்த முகூர்த்தம் ஆழ்வார்பேட்டையில். கெட்டிமேளம் கொட்டும்போது பெண்ணின் அப்பா சமையல்கட்டுப் பக்கத்திலிருந்து வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அவரை நிறுத்தவில்லை. ஷட்டரை இறக்கி, அவர் கூடவே கேமராவைத் திருப்பினேன். வேட்டி, கால் எல்லாம் கலங்கல்தான். ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்த கல்யாணப் பெண்ணிடம் அதைத் தயங்கித்தான் காட்டினேன்.

"இதப் பெருசாப் போடுங்க சார். எங்க அப்பா நின்னு நான் பாத்ததே இல்ல. மத்த போட்டோலல்லாம் இருக்கறது வேற யாரோ."

இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது ஷார்ப்பான படம்தான். குரூப் போட்டோவில் "ஸ்டெடி" என்று மண்டபம் அதிரக் கத்துகிறேன். தாலி கட்டும்போது மட்டும் வாயைத் திறப்பதில்லை.